நோயாளியின் தலைமாட்டில்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

நோயாளியை நலம் விசாரிப்பது ஒரு முஸ்லிம் தன் சகோதர முஸ்லிமுக்குச் செய்ய வேண்டிய கடமை என்பதை நாம் அனைவரும் அறிவோம். குறிஞ்சிப்பிட்டியில் ஒருவர் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டால், வாகனம் பிடித்துக்கொண்டு நாம் திரண்டு செல்கின்றோம். ஆனால், சென்று என்ன செய்கின்றோம் என்பதை இன்று சற்றுச் சிந்திப்போம்.

என் தவறு ஒன்றைக் கூறுகின்றேன். கடல் தொழில் செய்து ஓய்ந்த முதியவர் ஒருவரைப் பார்க்கச் சென்றோம். கட்டிலைச் சூழ நின்று அவரது நோயைப் பற்றியும், மருந்தின் விலையைப் பற்றியும் எங்களுக்குள் உரையாடினோம். நான் துஆ ஓதினேன், திரும்பிவிட்டோம். பின்னர் அவருடைய மகள் வேதனையோடு என்னிடம் சொன்னார்: “எல்லாரும் என்னப் பத்திப் பேசினாங்க மகள், என்னோட ஒருத்தரும் பேசல்லயே என்று வாப்பா சொன்னார் ஹஸரத்.” அந்த வார்த்தை இன்றும் என் நெஞ்சில் தைக்கின்றது.

இது நம் ஊரின் குறை மட்டுமன்று. 2010 ஆம் ஆண்டு இங்கிலாந்தின் 46 வைத்தியசாலைகளில் 2,917 தாதியரிடம் ஓர் ஆய்வு நடத்தப்பட்டது. “கடைசியாகக் கடமையில் இருந்தபோது நேரம் போதாமையால் எப்பணிகளைச் செய்யாமல் விட்டீர்கள்?” என்பதே கேள்வி. மிகுதியாக விடுபட்டிருந்தது மருந்து கொடுப்பதன்று. நோயாளியோடு பேசுவதும் ஆறுதல் கூறுவதுமே! 66 சதவீதத்தினர் இதனைக் குறிப்பிட்டனர். அவர்களிடம் இரக்கம் இல்லாமலில்லை, நேரம்தான் இல்லை. அப்படியாயின், நலம் விசாரிக்கச் செல்லும் நாம் எதனைச் செய்ய வேண்டும் என்பது தெளிவாகின்றதல்லவா?

நம் தலைவர் நபி (ஸல்) அவர்கள் இதனைச் செயலில் காட்டினார்கள். தமக்குப் பணிவிடை செய்த யூதச் சிறுவன் நோயுற்றபோது அவனது இல்லம் சென்று, தலைமாட்டில் அமர்ந்தார்கள். ஸஃது இப்னு அபீ வக்காஸ் (ரழி) அவர்கள் மக்காவில் நோயுற்றபோது, அவர்களின் மேனியில் தம் கரத்தை வைத்துத் தடவி துஆச் செய்தார்கள். அக்கரத்தின் குளிர்ச்சியை நெடுங்காலம் உணர்ந்ததாக ஸஃது (ரழி) அவர்களே அறிவித்துள்ளார்கள். அகழ்ப்போரில் காயமுற்ற ஸஃது இப்னு முஆத் (ரழி) அவர்களை அருகிலிருந்து விசாரிப்பதற்காக மஸ்ஜிதுந் நபவியிலேயே கூடாரம் அமைக்கச் செய்தார்கள். காயமுற்றோருக்கு அங்கே பணிவிடை செய்த பெண்மணி ருஃபைதா (ரழி) என வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகின்றனர்.

மனிதனின் ஒவ்வொரு பருவத்திலும் இப்பரிவின் வடிவம் மாறும். குறைமாதத்தில் பிறந்த சிசுவுக்குத் தாயின் மார்பே சிகிச்சை. 1978 இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், இத்தகைய சிசுக்களைத் தாயின் மார்போடு சேர்த்துக் கட்டிப் பராமரிக்கத் தொடங்கினர். பிறந்தவுடனேயே இதனை ஆரம்பிக்குமாறு உலக சுகாதார நிறுவனம் 2022 இல் பரிந்துரைத்தது. வளர்ந்த பிள்ளைக்கு, ஊசி வலிக்குமா என்ற கேள்விக்கு உண்மையான பதில் வேண்டும். முதியவருக்கோ, அவசரமின்றி ஊட்டும் கையும் குறுக்கிடாமல் கேட்கும் காதும் வேண்டும்.

மரணத் தறுவாயில் இருப்பவருக்கு? தாதியாகத் தொடங்கிப் பின்னர் மருத்துவரான சிசிலி சாண்டர்ஸ் அம்மையார், 1967 இல் இலண்டனில் இத்தகையோருக்கென ஒரு பராமரிப்பு இல்லத்தைத் திறந்தார். உடலின் வலி, உள்ளத்தின் அச்சம், குடும்பத்தைப் பற்றிய கவலை, இறைவனைப் பற்றிய ஏக்கம் ஆகிய நான்கையும் சேர்த்தே கவனிக்க வேண்டும் என்பது அவர் கண்ட பாடம். நமக்கு அண்மையில், 1993 இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி நிவாரணப் பணி மலப்புறம் போன்ற மாவட்டங்களிலும் பரவியது. அங்கே பயிற்சி பெற்ற சாதாரண அயலவர்களே வீடு வீடாகச் சென்று நோயாளிகளைப் பராமரிக்கின்றனர். மலப்புறத்தார் செய்வதை நம்மால் செய்ய முடியாதா?

பரிவு இக்கரைக்குப் புதிதன்று. 1990 அக்டோபரில் வடபுலத்திலிருந்து வெளியேற்றப்பட்டு, மன்னாரிலிருந்து படகுகளில் கற்பிட்டிக் கரையில் இறங்கியோருள் கைக்குழந்தைகளும் கர்ப்பிணிகளும் முதியோரும் இருந்தனர். இப்பகுதி மக்கள் அவர்களுக்கு உணவளித்தனர், தங்க இடமளித்தனர்.

இளைஞர்களே! நோயாளியைப் பராமரிப்பது பெண்களின் வேலை என ஒதுங்காதீர்கள். உஸ்மான் (ரழி) அவர்கள் பத்ருப் போருக்குச் செல்லவில்லை. ஏன்? நோயுற்ற மனைவி ருகையா (ரழி) அவர்களைப் பராமரிக்குமாறு நபி (ஸல்) அவர்களே அவர்களைத் தங்கச் செய்தார்கள். பத்ரில் கலந்துகொண்டவரின் கூலியும் பங்கும் அவர்களுக்கு உண்டு எனவும் அறிவித்தார்கள். உம்மாவின் கட்டிலருகே விழித்திருக்கும் மகன் எத்தகைய அந்தஸ்தில் இருக்கின்றான் என்பதை எண்ணிப் பாருங்கள்!

பெற்றோர்களே! தாதியாகப் பயிற்சி பெற விரும்பும் மகளையோ மகனையோ, ஊரார் என்ன சொல்வார்கள் எனத் தடுக்காதீர்கள். ஐரோப்பாவின் 9 நாடுகளில் 300 வைத்தியசாலைகளை ஆராய்ந்து 2014 இல் வெளியான முடிவைக் கேளுங்கள். ஒரு தாதியின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடுதலாகச் சேரும்போது, சத்திரசிகிச்சை பெற்றோர் 30 நாட்களுக்குள் மரணிக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகின்றது. தாதியர் குறைந்தால் உயிர்கள் குறைகின்றன. நம் நோயாளிகளுக்குத் தாதியர் வேண்டும். நம் பிள்ளைகள் மட்டும் தாதியராகக் கூடாது என்பது எவ்வகை நியாயம்?

இவ்வாரம் ஒரு நோயாளியிடம் செல்லுங்கள். கைபேசியை அணைத்துவிடுங்கள். நிற்காமல் அமருங்கள். அவருடைய பெயர் சொல்லி அழைத்து, ‘என்ன வேண்டும்?’ எனக் கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கும்வரை கேட்டிருங்கள். களைப்புற்றால் எழுந்துவிடுங்கள். துஆவைக் கடைசியில் ஓதுங்கள்.

நோயுற்ற அடியானை விசாரிக்கச் சென்றிருந்தால் அங்கே என்னைக் கண்டிருப்பாய் என மறுமையில் அல்லாஹ் கூறுவான் என்பது ஹதீஸின் கருத்து. அந்நாளில் தலைகுனியாதோராக நம்மை அவன் ஆக்கியருள்வானாக! நம் நோயாளிகளுக்குப் பூரண ஷிஃபாவையும், அவர்களைப் பராமரிப்போருக்கு நற்கூலியையும் வழங்குவானாக! ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.