கன்றின் தோலில் ஒரு மறைநூல்

(சுருத பஞ்சமி விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

செவிவழி வந்த ஆகமம் ஏட்டில் ஏறிய நாளைப் போற்றும் இவ்விழாவில், பிற நாட்டார் தம் மறைநூலை எவ்வாறு எழுதினர், எவ்வாறு காத்தனர் என்று அறிதல் தகும் எனக் கருதுகிறேன். ஆகவே இங்கிலாந்து நாட்டின் ஓவியச் சுவடி ஒன்றை இன்றைய பேச்சுக்குப் பொருளாகக் கொண்டேன். அதன் பெயர் லட்ரல் சங்கீதச் சுவடி.

லிங்கன்ஷயர் பகுதியில் இர்ன்ஹாம் என்னும் ஊர்க்குத் தலைவராக இருந்தவர் ஜெஃப்ரி லட்ரல் என்னும் பிரபு. 1320க்கும் 1340க்கும் இடைப்பட்ட காலத்தில் அவர் பொருள் கொடுத்துச் செய்வித்த நூல் இது. கிறித்தவர் ஓதும் 150 சங்கீதங்கள், திருநாள்களைக் காட்டும் நாள்காட்டி, இறந்தோர்க்கான வழிபாடு முதலியன லத்தீன் மொழியில் இதில் உள்ளன. எழுதியவர் ஒருவரே, ஓவியர் பலர். ஓரிடத்தில் பிரபு போர்க்கோலத்தில் குதிரைமேல் அமர்ந்திருக்க, மனைவியார் தலைக்கவசத்தையும் மருமகள் கேடயத்தையும் ஏந்தி நிற்கின்றனர். அவர் குடிச்சின்னமாகிய சிறு பறவைகள் குதிரையின் போர்வை முதல் மகளிர் ஆடை வரை எங்கும் காணப்படுகின்றன. தன்னைச் செய்வித்தவர் இவரே என்று நூலே பேசுவதுபோல் மேலே ஒரு வரி உண்டு. சாஸ்திர தானம் செய்வோர் தம் பெயரை ஏட்டின் இறுதியில் அடக்கமாகப் பொறிக்கும் நம் வழக்கம் எனக்கு நினைவு வந்தது. பிரபு அத்துணை அடக்கம் உடையவர் அல்லர்!

பொன் ரேக்கு ஒட்டி மெருகேற்றிய முதலெழுத்துகள் அழகியவைதாம். ஆயினும் இந்நூலின் பெரும்புகழ் பக்க ஓரங்களில் இருக்கிறது. சங்கீத வரிகளுக்குக் கீழே உழவர் எருது பூட்டி உழுகின்றனர், ஒருவர் விதைக்கிறார், விதை தின்ன வந்த காகத்தை நாய் துரத்த, மற்றொரு காகம் பின்னால் மூட்டையிலிருந்தே தின்கிறது! பரம்படிக்கும் போது கவண் வீசிக் காகம் ஓட்டுகின்றனர். பெண்கள் கதிர் அறுக்கின்றனர். தடிகொண்டு கதிர் அடிக்கின்றனர். தானிய வண்டியை மேட்டில் ஏற்றப் பின்னின்று தள்ளுகின்றனர். வந்தவாசி, திண்டிவனம் பக்கத்து உழவர் குடிகளாகிய நமக்கு இக்காட்சிகளில் விளக்கம் வேண்டியதில்லை. விருந்துக் காட்சியும் உண்டு. அங்குச் சமையற்காரர் செய்வதை இவ்வவையில் விரிக்க என் நா எழவில்லை. மனிதத் தலையும் விலங்குடலும் கொண்ட விந்தை உருவங்களும் பல. இறைமொழிக்கு அருகே இவை ஏன் என்று அறிஞர் இன்றும் வாதிடுகின்றனர்.

இனி, நம்மவர் உள்ளத்தை உறுத்தும் செய்திக்கு வருகிறேன். இந்நூலின் 309 ஏடுகளும் தோல். தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து, மயிர் களைந்து, சட்டத்தில் இழுத்துக் கட்டிச் சுரண்டி ஏடாக்கினர். இத்துணைப் பெரிய சுவடிக்கு ஒரு கன்றின் தோல் இரண்டு ஏடுகள் தரும் என்று கொண்டால், நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட கன்றுகள்! எழுதுகோல் பறவையின் இறகு. மையோ, நம் வீட்டு மருந்துப் பெட்டி அறிந்த மாசிக்காயும் அன்னபேதியும் கலந்து ஆக்கியது. பனையோலையும் எழுத்தாணியும் வாய்த்த நம் முன்னோர் எவ்வுயிரையும் கொல்லாமல் மறை எழுதினர். குளிர்நாட்டார்க்குப் பனை இல்லை என்பது உண்மை. அதனால் அக்கொலை கொலை அன்று என்று நான் சொல்லமாட்டேன். அந்தத் தோலைப் போற்ற எனக்கு மனம் இல்லை. அதனைக் காத்த கைகளைப் பற்றியே பேச விரும்புகிறேன்.

எட்டாம் ஹென்றி மன்னன் 1536 முதல் 1540 வரை துறவியர் மடங்களைக் கலைத்தபோது அவற்றின் நூலகங்கள் சிதறின. சுவடித் தாள்கள் மளிகைக் கடைக்கும் சோப்பு விற்பவர்க்கும் போயின, மெழுகுத்திரித் தண்டுகளைத் துலக்கப் பயன்பட்டன என்று ஜான் பேல் என்பவர் 1549இல் நொந்து எழுதினார். இத்தனைக்கும் அவர் மடங்களுக்கு எதிரான கட்சியினர். அக்காலத்தில் நூலைக் காத்தவர் யார்? 1553இல் ஓவியச் சுவடி ஒன்று கடல் கடந்து போகவிருந்தது. லண்டன் சுங்க அதிகாரி பால்ட்வின் ஸ்மித் அதைத் தடுத்து மேரி அரசிக்கு அளித்தார். இன்று அது மேரி அரசியின் சங்கீதச் சுவடி எனப்படுகிறது. ஒரு சுங்க அதிகாரி!

லட்ரல் சுவடி மடத்துக்கு உரியதன்று, குடும்பச் சொத்து. ஆதலின் அந்தச் சூறையிலிருந்து தப்பியது. லட்ரல் குடும்பத்தின் கை நீங்கிய பின், பழைய கத்தோலிக்க நெறியை விடாத வீடுகளில் அது தங்கியது. நேவர்த் கோட்டையின் வில்லியம் ஹோவர்டு பிரபுவிடம் இருந்தது. பின்னர் லல்வர்த் கோட்டையின் வெல்டு குடும்பத்தாரிடம் வந்தது. நாட்டில் சிறுபான்மையினராகி, வழிபாட்டுக்கும் தடை கண்ட குடும்பங்கள் தம் முன்னோர் ஓதிய நூலை எறியவில்லை என்பதை நாம் எளிதில் உணர்வோம். சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க முனைந்த உ.வே.சாமிநாதையர்க்கு அதன் பொருளை விளக்கியவர்கள் கும்பகோணத்துச் சைனக் குடும்பத்தினர் அல்லரோ?

1929இல் இச்சுவடி ஏலத்துக்கு வந்தது. அந்நேரத்தில்தான் அதன் உண்மை உரிமையாளர் ஏலத்துக்கு அனுப்பியவர் அல்லர், கவிஞர் ஆல்ஃபிரட் நாய்ஸின் மனைவியார் என்பது பழைய உயிலால் தெரியவந்தது. பிரிட்டிஷ் அருங்காட்சியகம் கேட்டது. விலை 31,500 பவுன். கையில் பணம் இல்லை. அமெரிக்கச் செல்வர் ஜே.பி. மார்கன் அத்தொகையை வட்டியின்றிக் கடனாகத் தந்தார். அவரே பெரிய சுவடிச் சேகரிப்பாளர். விரும்பியிருந்தால் தாமே வாங்கித் தம் நாட்டுக்குக் கொண்டுபோயிருக்கலாம். பொதுமக்களிடம் நிதி திரட்டிக் கடனை அடைத்தனர்.

இவ்வளவும் நமக்குத் தெரிவது, அச்சுவடி யாரிடம் இருந்தது என்பதற்குக் குறிப்புகள் எஞ்சியதால். நம் இல்லங்களின் பரணில் உள்ள ஏட்டுக் கட்டுகளுக்கு அத்தகைய குறிப்பு இல்லை. யார் எழுதினார், எந்த நோன்பின் நிறைவில் யார் கொடுத்தார் என்பதை அறிந்த பாட்டிமார் சிலரே இன்று நம்மிடையே உள்ளனர். அவர்களிடம் கேட்டு, ஊர், பெயர், உறவுமுறை ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி ஏட்டோடு கட்டி வையுங்கள். ஏட்டைப் படிக்க வராவிட்டாலும் இதைச் செய்யலாம்.

லட்ரல் சுவடி இன்று லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. மூட்டையிலிருந்து விதையைத் தின்னும் அந்தக் காகம், எழுநூறு ஆண்டுகளாகத் தின்றுகொண்டே இருக்கிறது.