சேரிக்குத் தனிக் கணக்குக் கேளுங்கள்

(இளைஞர் பயிற்சி முகாம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஊராட்சி அலுவலகத்தில் குடிதண்ணீர் பற்றிக் கேட்டால் ஒரு கணக்குச் சொல்வார்கள். மேல்நிலைத் தொட்டி இத்தனை, தெருக்குழாய் இத்தனை. கணக்கில் பொய் இருக்காது. ஆனா அந்தத் தொட்டி எங்க நிக்குது? குழாய் எந்தத் தெருவோட முடியுது? அதை அந்தத் தாள் சொல்லாது. ஊரையும் சேரியையும் கூட்டி ஒரே எண்ணாக எழுதினால் சேரியின் தாகம் அந்த எண்ணுக்குள் மறைந்துபோகும். குடியிருப்பில் நம்மைத் தள்ளி வைத்தவர்கள் கணக்கில் மட்டும் சேர்த்துக்கொள்கிறார்கள்!

நாம கேட்க வேண்டியது தெருவாரிக் கணக்கு. குழாய், தெருவிளக்கு, சாக்கடை, சுடுகாட்டுப் பாதை, இதெல்லாம் எந்தத் தெருவில், எந்த ஆண்டு, எவ்வளவு செலவில்? தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 அக்டோபர் 12 முதல் நடைமுறையில் இருக்கு. 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில். எதற்குக் கேட்கிறாய் என்று காரணம் கேட்க அவர்களுக்கு அதிகாரம் இல்லை. 'தெருவாரியாகப் பதிவேடு இல்லை' என்று பதில் வரும். வரட்டும். ஒவ்வொரு வேலைக்கும் மதிப்பீடு இருக்கும், அளவுப் புத்தகம் இருக்கும், எம்-புக் என்பார்கள். அதன் நகலைக் கேளுங்கள். கையில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாக நடங்கள். வேலையை நேரில் பார்வையிடவும், போட்ட பொருளில் மாதிரி எடுக்கவும்கூட அந்தச் சட்டத்தில் இடம் இருக்கு. இதை நம்ம ஆளுங்க பயன்படுத்துறது ரொம்பக் குறைவு.

வாங்கிய தாளைப் பையில் வைத்துக்கொண்டால் ஒன்றும் நடக்காது. சத்தம் போட்டு வாசிக்கணும். சட்டமே இல்லாத காலத்தில் ராஜஸ்தானில் இதைச் செய்தார்கள். மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் 1994 டிசம்பரில் பாலி மாவட்டம் கோட் கிரானாவில் முதல் பொது விசாரணையை நடத்தியது. இப்படிப்பட்ட விசாரணைகளில் கூலிப் பட்டியலைப் பெயர் பெயராகப் படித்தார்கள். வேலைக்கே போகாதவர் பெயரில் கூலி, செத்தவர் பெயரில் கூலி. கேட்டுக்கொண்டிருந்த சனங்களே எழுந்து சாட்சி சொன்னார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் செத்தவர் யாரென்று தெரியுமே! 1996இல் பியாவரில் 40 நாள் தர்ணா இருந்து கேட்ட உரிமைதான் பின்னால் நாடு முழுமைக்கும் சட்டமானது.

அங்கே திருட்டைப் பிடித்துக் கொடுத்தது பெயர். அந்தப் பெயருக்குத்தான் இப்போது பூட்டுப் போடுகிறார்கள். 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவைத் திருத்தியது. பொதுப் பணியோடு தொடர்பில்லாத தனிநபர் தகவலை மட்டும் மறுக்கலாம் என்றிருந்ததை, தனிநபர் தகவல் எதையும் மறுக்கலாம் என்று மாற்றிவிட்டார்கள். ஒப்பந்தக்காரர் பெயரும் தனிநபர் தகவல் என்று ஒரு அலுவலர் சொன்னால்? 8(2) பிரிவு மிச்சம் இருக்கு. பொதுநலன் பெரிதென்றால் தரலாம் என்கிறது. எது பெரிது என்று முதலில் முடிவு செய்வது அதே அலுவலகம்தான். ஆகவே மனுவிலேயே 8(2)ஐக் குறிப்பிட்டு, பொதுநலன் என்னவென்று எழுதிவிடுங்கள். மறுத்தால் மேல்முறையீட்டுக்கு உதவும்.

இன்னொன்று. மனுப் போட்டவர் பெயர் அன்று சாயங்காலமே ஊருக்குள் போய்விடும். ஒரு பையனைத் தனியாக மாட்டிவிடாதீர்கள். ஒரே மனுவைப் பத்துப் பேர், பெண்களும் சேர்ந்து, தனித்தனியாகப் போடுங்கள். பதில் வந்ததும் முதலில் சேரியில் வாசியுங்கள். அப்புறம் கிராம சபை. கோயில் வாசலில் சபை கூட்டினால், எல்லாரும் வரக்கூடிய பொது இடத்துக்கு மாற்றச் சொல்லி முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள்.