எறிதலும் வனைதலும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பிலே அண்மையில் ஒரு நிகழ்ச்சி. ஆங்கிலப் பள்ளியில் பயிலும் சிறுவன் ஒருவன், தன் பாடநூலில் கண்ட வாக்கியத்தைத் தமிழாக்கி, "குயவர் சக்கரத்தில் பானையை எறிகிறார்" என்று படித்தான். வகுப்பே சிரித்தது. நாமும் சிரித்தோம். சிறுவன் தலை குனிந்தான். அடுத்த வாரம் வரவில்லை. அவன் பிழை யாதென ஆராயப் புகுந்தபோதுதான், சிரித்ததே பெரும்பிழை என்பதை உணர்ந்தோம்.

ஆங்கிலத்தில் 'த்ரோ' என்றால் எறிதல் என்றே நாம் கற்றிருக்கிறோம். ஆனால் பழைய ஆங்கிலத்தில் அச்சொல்லுக்கு முறுக்குதல், திருகுதல் என்பனவே பொருள். சுழற்றுதலைக் குறிக்கும் 'டிரேயன்' என்னும் ஜெர்மன் சொல் அதன் உடன்பிறப்பு. நூலைக் குறிக்கும் 'த்ரெட்' என்பதும் அக்குடும்பத்ததே. முறுக்கப்பட்டது என்பது அதன் கருத்து. எறிதல் என்னும் பொருள் பின்னர் வந்து, முதற்பொருளை மறைத்துவிட்டது. எனினும், பட்டிழை முறுக்குவோரிடத்தும் பாண்டம் செய்வோரிடத்தும் பழம்பொருள் இன்றும் வாழ்கிறது. ஆதலின் ஆங்கிலேயக் குயவரும் பானையை எறிபவரல்லர். மண்ணைச் சுழற்றி உருவாக்குபவரே.

இத்தொழிலுக்குத் தமிழில் தனிச்சொல்லே உண்டு. அது வனைதல். மானாமதுரையில் கடம் வனைகிறார்கள், தட்டிச் செம்மை செய்கிறார்கள், சூளையில் சுடுகிறார்கள். அச்சொல்லை அச்சிறுவனுக்கு நம்மில் யார் சொன்னோம்? நம் வீடுகளில் மண்பானை போயிற்று. அதனோடு சொல்லும் போயிற்று. கொடுக்காத சொல்லைக் கேட்டு, அது வரவில்லையென்று சிரித்தோம்.

ஆங்கிலேயர் விருந்தையும் 'எறிவர்'. நாம் விருந்து வைக்கிறோம். பகடையையும் எறிவர்; நாம் உருட்டுகிறோம். குதிரை தன்மேல் இருப்பவனை 'எறியும்'. நம் நாட்டுக் குதிரை கீழே தள்ளும். ஆட்டத்தையும் எறிவர், கையூட்டுப் பெற்று வேண்டுமென்றே தோற்பதற்கு அப்பெயர். ஒரே வினை, தமிழிலோ இடத்திற்கு ஒரு வினை.

நாம் பணியாற்றும் ரயில்வேயிலும் இச்சொல் உண்டு. தண்டவாளம் பிரியும் பாயிண்டில், நாக்குத் தண்டவாளத்தின் நுனி பக்கவாட்டில் நகரும் தூரத்தை 'த்ரோ' என்பர். அகலப் பாதையில் புதிதாக அமைக்குமிடத்து அது குறைந்தது 115 மில்லிமீட்டர். ஏறக்குறைய அரைச் சாண். வண்டி நேர்பாதையில் செல்வதா, கிளைப்பாதையில் செல்வதா என்பதை அந்த அரைச் சாண் நகர்வே தீர்மானிக்கிறது. மொழிபெயர்ப்பும் அத்தகையதே. ஒரு சொல் சிறிது பிசகினால், கருத்து வேறு ஊருக்குப் போய்ச் சேர்கிறது.

இக்குழப்பம் ஆங்கிலத்திற்கு மட்டும் உரியதன்று. அரசன் முரசெறிந்தான் என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், முரசைத் தூக்கி எறிந்ததாகவன்றோ முடியும்? அறைந்தான் என்பதே பொருள். வள்ளல் பொன்னை வீசினான் என்றால் வாரி வழங்கினான் என்று பொருள். இனி, 'போடு' என்பதைப் பாருங்கள். குப்பையைப் போடுகிறோம், கோலமும் போடுகிறோம். சண்டையும் போடுகிறோம், சோறும் போடுகிறோம்.

இவ்வூருக்கு வந்த புதிதில், அண்டை வீட்டு அம்மையார் தேநீர்ப் பாத்திரத்தைக் காட்டி, "சாகர் டாக்" என்றார். 'டாக்' என்றால் எறி என்று மட்டுமே கற்றிருந்த நாம், சர்க்கரையை எங்கே எறிவதென்று திகைத்து நின்றோம். சர்க்கரை போடு என்பதே அவர் சொன்னது! "சாங்கூன் டாக்" என்று மராத்தியர் சொல்வதை, "சொல்லிப்போடு" என்று நம் கொங்கு நாட்டார் சொல்கிறார்கள். அம்மையார் நகைத்தார், ஆனால் அத்துடன் நில்லாமல், அருகே அமர்த்தி நான்கு வாக்கியங்களும் கற்பித்தார். அன்று நமக்குக் கிடைத்த அப்பரிவை நாம் அச்சிறுவனுக்கு அளிக்கவில்லை.

பின்னர் அவன் இல்லம் சென்றோம். "தம்பி, நீ சொன்னதில் பாதி சரி, மீதியை நாங்கள் உனக்குத் தரவில்லை" என்று கூறி, வனைதல் என்னும் சொல்லை எழுதிக் கொடுத்தோம். சென்ற ஞாயிறு அவன் வந்தான். "ஐயா, தோசைக்கு என்ன சொல்?" என்று கேட்டான். "வார்த்தல்" என்றோம். "இரும்புக்கு?" என்றான். "அதற்கும் அதுவே" என்றோம். இம்முறையும் வகுப்பு சிரித்தது. அவனும் உடன் சிரித்தான்.

பெரியோர்களே! வாரம் ஒருவர் வகுப்பிற்கு வாருங்கள். பட்டறையிலோ அடுக்களையிலோ நீங்கள் செய்யும் ஒரு வேலையைச் செய்துகாட்டி, அதற்குரிய தமிழ்ச் சொல்லைச் சிறுவர்க்கு அளியுங்கள். அகராதி பொருள் சொல்லும். பொருந்தும் இடத்தைக் கையே காட்டும்.