பொடிப்பனியில் நால்வர்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



புலவர்கள் ஏற வேண்டிய மேடையில் ஒரு பொறியாளனை ஏற்றிவிட்டார் நம் செயலாளர். "அமெரிக்காவில் இரண்டு ஆண்டுகள் இருந்தீரே, அதைப்பற்றி ஏதேனும் சொல்லும்" என்பது அவர் கட்டளை. அமெரிக்காவைப்பற்றி நான் சொல்லி நீங்கள் அறிய வேண்டியது ஒன்றுமில்லை. இந்தக் காலனியில் பாதி வீடுகளின் பிள்ளைகள் அங்கேதான் இருக்கின்றனர். ஆகவே, அங்கே நான் கற்ற ஒரே ஒரு விளையாட்டைப்பற்றி மட்டும் பேசுகிறேன். அதற்குக் காரணமும் உண்டு. நம் இளைஞர்கள் சிலர் வரும் குளிர்கால விடுமுறையில் குல்மார்க் சென்று பனிச்சறுக்குப் பழகப் போவதாகக் கேள்வியுற்றேன். மிக்க மகிழ்ச்சி. அவர்களுடைய பெற்றோர் முன்வரிசையிலேயே அமர்ந்திருப்பதும் நல்லதாயிற்று.

பனி என்றவுடன் நமக்கு மார்கழிப் புல்நுனியில் நிற்கும் துளிதான் நினைவுக்கு வரும். நான் சொல்லவிருப்பது அதுவன்று. இரவெல்லாம் பெய்து, காற்றாலும் வெயிலாலும் கெடாமல், உலர்ந்த அரிசி மாவைப்போல் மலைமீது கிடக்கும் புதுப்பனி. ஆங்கிலத்தில் பவுடர் என்பர். பொடிப்பனி என்று நானே ஒரு பெயரிட்டுக்கொண்டேன், தமிழாசிரியர்கள் பொறுத்தருள்க.

யூட்டா மாநிலத்தில் சால்ட் லேக் நகருக்குத் தென்கிழக்கே, வாசாட்ச் மலைத்தொடரில், ஏறத்தாழ 8,500 அடி உயரத்தில் ஆல்ட்டா என்றொரு சிற்றூர் உள்ளது. 19ஆம் நூற்றாண்டில் அது வெள்ளிச் சுரங்க ஊர். சுரங்கத்திற்கு முட்டுக்கொடுக்க மரங்களை வெட்டினார்கள். மொட்டையான சரிவுகளிலிருந்து பனி பெயர்ந்து விழுந்து பலரை மாய்த்தது. வெள்ளி வளம் குன்றி ஊரும் ஓய்ந்தபின், 1939 ஜனவரியில், பழைய சுரங்கக் கம்பிப்பாதையின் உறுப்புகளைக் கொண்டே சறுக்குவோரை மேலேற்றும் நாற்காலித் தூக்கியை அமைத்தனர். இரண்டாம் உலகப் போருக்குப் பின், மான்டி அட்வாட்டர் என்பவர் அங்கே பனிச்சரிவைப்பற்றி ஆராய முற்பட்டார். விழும் பனி தானாக விழும்வரை காத்திராமல், ஆளில்லாத வேளையில் பீரங்கியால் சுட்டு விழச்செய்யும் வழக்கம் அவர் காலத்தில் பிறந்தது. பல பத்தாண்டுகள் அந்த மலையில் பொழுது பீரங்கி ஒலியோடு புலர்ந்தது.

அங்கே ஆண்டுக்குச் சராசரியாக 500 அங்குலத்திற்கு மேல் பனி பெய்கிறது. 40 அடிக்கும் அதிகம். அதில் 100 அங்குலத்தை உருக்கினால் 8 அல்லது 9 அங்குலத் தண்ணீரே தேறும்; எஞ்சியதெல்லாம் காற்று. அருகிலுள்ள பெரிய உப்பேரிதான் இதற்குக் காரணம் என்பார்கள் ஊரார். ஏரியின் பங்கு சிறிதே என்பது ஆய்வாளர் முடிவு. பசிபிக் கடலிலிருந்து வரும் புயல் முதலில் சற்றுக் கனமான பனியையும், குளிர் ஏற ஏற இலேசான பனியையும் பெய்கிறது. கீழே தாங்குவதற்கு ஒன்று, மேலே மிதப்பதற்கு ஒன்று. மெத்தை தைப்பவன்கூட இவ்வளவு கணக்காகப் பஞ்சு அடைப்பதில்லை.

முப்பத்து நான்காம் வயதில் நான் அதில் இறங்கினேன். பொதுவாகத் தடமிட்ட சரிவில் பழகியவன் பொடிப்பனியில் நுழைந்தவுடன் அச்சத்தால் பின்னே சாய்வான். சாய்ந்தால் தொடை எரியும், கட்டை வசப்படாது. இரு கால்களையும் ஒரே காலாக எண்ணி, பாரத்தைச் சமமாக வைத்து, அவசரமின்றித் திரும்ப வேண்டும். நான் விழுந்தேன். எழுவதற்குக் கையை ஊன்றினால் கை தோள்வரை புதைந்தது; ஊன்ற நிலமே இல்லை! ஊன்றுகோல் இரண்டையும் பெருக்கல் குறிபோல் பனிமேல் வைத்து அதை அழுத்தி எழவேண்டும் என்பதை நண்பர்கள் சிரித்து முடித்தபின் சொல்லிக்கொடுத்தார்கள். அதற்குள் ஒரு சறுக்குக்கட்டை பனிக்குள் மறைந்திருந்தது. நால்வரும் முக்கால் மணி நேரம் துழாவினோம். ஒருவரும் முகஞ்சுளிக்கவில்லை. அந்த முக்கால் மணி நேரத்தில்தான் அவர்கள் எனக்கு நண்பர்கள் ஆனார்கள் என்று எண்ணுகிறேன்.

அந்த மூவரில் ஒருவர் என்னுடன் பணியாற்றியவர். மொன்டானா மலைப்புறத்தில் வளர்ந்தவர். மற்ற இருவர் கணவனும் மனைவியும். அம்மையார் பள்ளி ஆசிரியை, அதிகம் பேசாதவர்.

இரண்டாம் குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை. இரண்டு நாட்கள் பெய்து ஓய்ந்திருந்தது. தூக்கிகள் செல்லும் எல்லைக்கு அப்பால், பீரங்கியோ காவலரோ இல்லாத மலைக்குப் போனோம். சறுக்குக்கட்டையின் அடியில் ஒருவகைத் துணிப்பட்டையை ஒட்டிக்கொண்டால் அது முன்னே வழுக்கும், பின்னே வழுக்காது. அப்படியே நடந்து ஏறலாம். மூன்று மணி நேரம் ஏறினோம். என் பையிலிருந்த புளியோதரை கல்லாக உறைந்திருந்தது. அதையும் உடைத்து உடைத்துத் தின்றார்கள்.

முகட்டில் நின்று பார்த்தால், கீழே அகன்ற கிண்ணம்போல் ஒரு சரிவு. ஒரு தடமும் இல்லை. சூரியன் அப்போதுதான் அதன்மேல் விழுந்தான். அதைக் கண்ட கண்ணுக்கு அச்சம் தெரியாது.

அம்மையார் மட்டும் மண்வாரியை எடுத்துக் குழி தோண்டத் தொடங்கினார். பனியைத் தூண்போல் வெட்டி நிறுத்தி, அதன் தலையில் மண்வாரியை வைத்து, மணிக்கட்டை மட்டும் அசைத்துப் பத்து முறை தட்டினார். பிறகு முழங்கையிலிருந்து தட்டினார். பன்னிரண்டாவது தட்டில் தூணின் மேற்பகுதி பலகைபோல் வழுக்கி அவர் மடியில் விழுந்தது. அடியில் சீனியைப்போல் ஒட்டாத மணிகள். பருவத் தொடக்கத்தில் பெய்த மெல்லிய பனி, தெளிந்த குளிர் இரவுகளில் இப்படி மாறிவிடுமாம். அதன்மேல் எத்தனை அடி பொடிப்பனி விழுந்தாலும், அது மணல்மேல் கட்டிய சுவர்தான்.

இங்கே சில செய்திகளைச் சொல்லியாக வேண்டும். பனிச்சரிவு பெரும்பாலும் 30 முதல் 45 பாகைச் சாய்வில் நிகழ்வது. சறுக்குவோர் விரும்புவதும் அதே சாய்வுதான். சிக்கியவர்களில் பத்தில் ஒன்பது பேரின் சரிவைத் தொடங்கிவைப்பவர் அவரோ அவருடன் வந்தவரோதான். புதையுண்டவரைப் பத்து நிமிடத்திற்குள் எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைப்பர். அரைமணி கழிந்தால் மூவரில் ஒருவரே. எனவே உதவிக்கு ஆள் அனுப்பிப் பயனில்லை. உடனிருக்கும் நண்பனே தேடி எடுக்க வேண்டும். ஒவ்வொருவர் மார்பிலும் ஒலிபரப்பும் சிறு கருவியும், பையில் நீண்ட குத்துகோலும் மண்வாரியும் இருப்பது அதற்காகவே. இது அமெரிக்கக் கதை மட்டுமன்று. 2023 பிப்ரவரியில் குல்மார்கின் அபர்வத் மலையில் போலந்து நாட்டினர் இருவர் இவ்வாறே மாண்டனர்.

மீண்டும் முகட்டுக்கு வருவோம். அடுத்த சரிவில் யாரோ இறங்கிய தடங்கள் தெரிந்தன. "அவர்கள் போயிருக்கிறார்களே" என்றார் கணவர். மொன்டானா நண்பர், "இதே சரிவில் ஆறு முறை இறங்கியிருக்கிறேன்" என்றார். 1972 முதல் 2003 வரை அமெரிக்காவில் நிகழ்ந்த 715 விபத்துகளை ஆராய்ந்து இயன் மெக்காமன் என்பவர் 2004இல் எழுதியதைப் பின்னாளில் படித்தேன். தெரிந்த இடம் என்ற துணிவு பயிற்சி பெற்றவரையே ஏமாற்றுகிறது என்று அதில் கண்டு திடுக்கிட்டேன். எங்கள் பேச்சையே எழுதி வைத்ததுபோல் இருந்தது.

அந்தக் குழுவில் ஒரு விதி உண்டு. ஒவ்வொருவரும் தம் கருத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஒருவர் வேண்டாமென்றால் நால்வருக்கும் வேண்டாம். என் முறை வந்தது. உண்மையைச் சொல்கிறேன்: என் முழங்கால் நடுங்கிக்கொண்டிருந்தது. ஆனால் மூன்று மணி நேரம் ஏறிவந்த நாளை வெளியூரான் ஒருவன் கெடுத்தான் என்ற பெயர் வேண்டாமென்று, "போகலாம்" என்றேன்.

அம்மையார், "எனக்கு வேண்டாம்" என்றார். அவ்வளவே. மொன்டானா நண்பர் ஒரு சொல்லும் பேசாமல் கட்டைகளைத் திருப்பிக்கொண்டார்.

மரங்களிடையே சாய்வு குறைந்த வேறொரு வழியில் இறங்கினோம். முழங்காலளவு பொடிப்பனி. காலடியோசை இல்லை, மூச்சொலி மட்டும் கேட்கிறது, எதிரே எழும் பனிப்புகை முகத்தில் மோதி வாய்க்குள் போகிறது. கடைசியில் திரும்பிப் பார்த்தால் நான்கு தடங்கள் சடைபோல் பின்னிக் கிடந்தன. வீட்டில் இதைச் சொன்னபோது, "பனியைத் தின்றதற்கா இவ்வளவு செலவு?" என்றாள் என் மனைவி.

மறுநாள் வேறு சிலர் அந்தக் கிண்ணத்தில் இறங்கினார்களாம். ஒன்றும் நேரவில்லை. வாரம் முழுதும் அது என்னை உறுத்தியது. அம்மையாரைச் சந்தித்தபோது, "நாமும் போயிருக்கலாம் போலிருக்கிறதே?" என்று கேட்டுவிட்டேன். அவர் வருந்தவில்லை. "போயிருக்கலாம்தான். நீங்கள் அன்று பயந்திருந்தீர்கள், ஏன் சொல்லவில்லை?" என்று மட்டும் கேட்டார். நான் விடை சொல்லவில்லை.

அடுத்த சனிக்கிழமை காலை ஐந்து மணிக்கு அவர்கள் வண்டி வழக்கம்போல் என் வாசலில் வந்து நின்றது. அன்றும் ஒரு முகட்டில் நின்றோம். இம்முறை என்னை முதலில் பேசச் சொன்னார்கள். "எனக்கு வேண்டாம்" என்றேன். மொன்டானா நண்பர் கட்டைகளைத் திருப்பிக்கொண்டு, புளியோதரை இருக்கிறதா என்று கேட்டார்.