கையெழுத்து யாரோடு?



தொழிற்கல்விப் பல்கலைக்கழகங்களும் தொழில்நுட்ப நிறுவனங்களும் கைகோத்துத் திறன்மிக்க பட்டதாரிகளை உருவாக்குவது பற்றிப் பேசச் சொன்னார்கள். அழைப்பிதழில் அந்தத் தலைப்பே மூன்று வரி பிடித்திருக்கிறது. நான் அதை நம்ம கோயமுத்தூர் பேச்சில் சுருக்கிக்கொண்டேன்: பையனுக்கு வேலை கத்துக்கொடுக்கிறது யாருங்க, காலேஜா, கம்பெனியா?

இரண்டு பேரும் சேர்ந்துதான் என்று எல்லோரும் சொல்வார்கள். அதற்குப் புரிந்துணர்வு ஒப்பந்தம் என்று ஒன்று போடுகிறார்கள். நீங்களும் பார்த்திருப்பீர்கள். குத்துவிளக்கு, சால்வை, நினைவுப்பரிசு. நிறுவனத்தின் துணைத்தலைவரும் கல்லூரி முதல்வரும் ஆளுக்கொரு நீலநிற பைலை மாற்றிக்கொண்டு, கேமரா இருக்கும் பக்கம் பார்த்துச் சிரிக்கிறார்கள். நிச்சயதார்த்தத்தில் சம்பந்திகள் தட்டு மாற்றிக்கொள்வது மாதிரி. எல்லாம் சரிதான், மாப்பிள்ளையும் பெண்ணும் எங்கே? அந்த பைலுக்குள் ஒரு மாணவன் பெயர்கூட இருக்காது. எந்தத் தேதியில் எந்தப் பட்டறைக்கு அவன் போவான், அங்கே அவனுக்குச் சொல்லித்தருவது யார், மாதம் எவ்வளவு கொடுப்பார்கள் என்று ஒரு வரிகூட இருக்காது. அடுத்த ஆண்டு மாணவர் சேர்க்கை விளம்பரத்தில் அந்தப் போட்டோ மட்டும் வரும்.

கையெழுத்தை மாணவனோடு போட்ட ஓர் ஊர் இருக்கிறது. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதி கொடுங்கள்.

ஜெர்மனியில் பாடன்-வூர்ட்டம்பெர்க் என்று ஒரு மாநிலம், அதன் தலைநகர் ஸ்டுட்கார்ட். டைம்லர் காரும் போஷ் கருவிகளும் பிறந்த ஊர். 1970-களின் தொடக்கத்தில் அங்கே ஒரு சிக்கல். பள்ளி இறுதித் தேர்வில் நன்றாகத் தேறிய பிள்ளைகள் எல்லாம் நேரே பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார்கள். கையிலும் வேலை தெரிந்து, கணக்கும் தெரிந்த ஆள் கிடைக்காமல் தொழிற்சாலைகள் தவித்தன. நம் ஊரில் என்றால் உடனே ஒரு மாநாடு போட்டு, 'இன்றைய தலைமுறைக்கு உழைக்கும் ஆர்வம் இல்லை' என்று தீர்மானம் நிறைவேற்றியிருப்போம். அங்கே டைம்லர்-பென்ஸ், போஷ், ஸ்டாண்டர்ட் எலெக்ட்ரிக் லோரென்ஸ் என்ற மூன்று நிறுவனங்கள் கூடி, பட்டப்படிப்புக்கு இணையான ஒரு படிப்பைத் தாங்களே முன்னின்று வடிவமைத்தன. 1974-ல் அரசு அதை ஏற்று ஸ்டுட்கார்ட்டிலும் மன்ஹைமிலும் தொழிற்கல்விக்கழகமாகத் தொடங்கியது. 2009-ல் அது பல்கலைக்கழகமானது. இன்று சுமார் 9,000 நிறுவனங்கள் அதில் பங்காளிகள். 30,000-க்கும் மேற்பட்டவர்கள் படிக்கிறார்கள்.

நடைமுறை எப்படி என்று கேளுங்கள், அங்கேதான் விஷயம் இருக்கிறது. பிள்ளை முதலில் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் போடுவதில்லை, கம்பெனிக்குப் போடுகிறான். கம்பெனி அவனைப் பார்த்து, பேசி, பிடித்திருந்தால் மூன்று ஆண்டுக்கு ஒப்பந்தம் எழுதுகிறது. அதற்குப் பிறகுதான் பல்கலைக்கழகத்தில் இடம். ஏறக்குறைய மூன்று மாதம் வகுப்பு, மூன்று மாதம் தொழிற்கூடம் என்று மாறிமாறி வரும். வகுப்பில் இருக்கும் மாதத்திலும் சம்பளம் உண்டு. பாடத்திட்டம் எழுதும் இடத்தில் கம்பெனிக்காரர்களும் உட்காருகிறார்கள். சம்பளம் கொடுக்கிறவன் சும்மா இருப்பானா? 'எங்க பையனுக்கு இந்தப் பருவத்தில் என்ன நடத்தினீர்கள்?' என்று வாத்தியாரைக் கேட்பான். வாத்தியாரும் திருப்பிக் கேட்பார்: 'மூன்று மாதம் உங்களிடம் இருந்தானே, என்ன கற்றுக்கொடுத்தீர்கள்?' ஒருவரை ஒருவர் இப்படிக் கேட்கும் உரிமை இருக்கிறதே, அதைத்தான் நான் கூட்டு என்பேன்.

'அது ஜெர்மன்காரனுக்குச் சரிப்படும்' என்று முன்வரிசையில் ஒருவர் முகத்திலேயே எழுதியிருக்கிறது. ஐயா, நம்ம ஊர்ச் சரித்திரத்தையும் கொஞ்சம் புரட்டுங்கள். தொழிலதிபர் ஜி.டி. நாயுடு அவர்களின் முயற்சியில் 1945-ல் சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப் பெயரில் இங்கே பொறியியல் கல்லூரி வந்தது. நான்கு ஆண்டுப் படிப்பு காலவிரயம், செய்முறையோடு சொல்லித்தந்தால் இரண்டு ஆண்டு போதும் என்று அவர் அரசாங்கத்தோடு மல்லுக்கு நின்றார். அரசு இறங்கி வரவில்லை, அவர் விலகிக்கொண்டார். அந்தக் கல்லூரிதான் இன்று தடாகம் சாலையில் இருக்கும் அரசு தொழில்நுட்பக் கல்லூரி. இரண்டு ஆண்டு போதும் என்ற அவர் கணக்கை நான் முழுதாக ஏற்கவில்லை. பட்டறையைப் படிப்பிலிருந்து பிரிக்காதே என்ற அவருடைய கோபத்தை ஏற்கிறேன்.

பீளமேட்டுக்குப் போங்கள். 1926-ல் தொடங்கிய பி.எஸ்.ஜி. அறநிலையம் மோட்டாரும் பம்பும் செய்து விற்ற ஒரு தொழிற்கூடத்தை வைத்திருந்தது. பிறகு வந்த கல்லூரியும் அதே வளாகம். சந்தைக்குப் போகும் சரக்கைப் படிக்கிற பிள்ளை தொட்டுப் பார்க்க முடிந்தது. அங்கே 'சாண்ட்விச்' என்று ஐந்து ஆண்டுப் பொறியியல் படிப்பு உண்டு, படிப்புக்கு நடுவே தொழிற்கூடத்தைச் செருகிவைத்த படிப்பு. ஆகவே இது நமக்கு இறக்குமதிச் சரக்கு இல்லை.

இந்தக் காலத்துக்கு வருவோம். சோஹோ நிறுவனம் பிளஸ் டூ முடித்த பிள்ளைகளையும் டிப்ளமோ பிள்ளைகளையும் எடுத்துத் தன் பள்ளியில் பயிற்றுகிறது. கட்டணம் இல்லை, படிக்கும்போதே உதவித்தொகை. தென்காசிப் பக்கத்துப் பிள்ளை ஊரைவிட்டுப் போகாமலே மென்பொருள் எழுதுகிறான். மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் அங்கே பட்டம் கிடையாது. நாளைக்கு அவன் அரசு வேலைக்கான குரூப் டூ தேர்வு எழுத நினைத்தால் பட்டம் எங்கே என்று கேட்பார்கள். ஹெச்.சி.எல். நிறுவனத்தின் டெக்பீ திட்டம் இந்த ஓட்டையை அடைக்கப் பார்க்கிறது: பிளஸ் டூ முடித்ததும் பயிற்சி, பிறகு வேலை, வேலை பார்த்துக்கொண்டே சாஸ்த்ரா, பிட்ஸ் பிலானி போன்ற இடங்களில் பட்டம். ஹரியானா ஒரு படி மேலே போய் 2016-ல் சட்டம் போட்டு, ஸ்ரீ விஸ்வகர்மா பெயரில் திறன் பல்கலைக்கழகமே தொடங்கிவிட்டது.

நம் அரசும் சும்மா இல்லை. 2022 மார்ச்சில் 'நான் முதல்வன்' என்ற திறன் பயிற்சித் திட்டம் வந்தது. டாடா டெக்னாலஜீஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 71 அரசு ஐ.டி.ஐ.க்களை 2,877 கோடி ரூபாய்த் திட்டத்தில் புதுப்பிக்க முனைந்தார்கள். ரோபோவும் சி.என்.சி.யும் வந்து இறங்கின. சந்தோஷம். ஆனால் இயந்திரம் வந்து இறங்குவது பாதி வேலைதான். பட்டறையில் இருபது வருஷம் கை பழகிய ஒரு மேஸ்திரி, சத்தத்தை வைத்தே டூல் மழுங்கிவிட்டது என்று சொல்வார். அவரை வாரத்தில் ஒரு நாள் வகுப்புக்கு அனுப்ப எந்த நிறுவனம் தயார்? அன்றைக்கு உற்பத்தி குறையுமே! ஒரு பழைய லேத்தை அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டுப் பெயர்ப்பலகை மாட்டிக்கொள்வது சுலபம். கல்லூரி மட்டும் யோக்கியமா? அந்த மேஸ்திரிக்கு முனைவர் பட்டம் இருக்கிறதா என்று கேட்கும். கால அட்டவணையில் இடமில்லை என்று சொல்லும்.

இப்போது ஒரு கசப்பான விஷயம். தமிழ்நாட்டில் தொழிற்கல்வி என்று யார் பேசினாலும் சிலருக்கு முகம் சுளிக்கும். நியாயமான சுளிப்பு. 1953-ல் ராஜாஜி, பிள்ளைகள் பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் பெற்றோர் தொழில் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். குலக்கல்வி என்று நாடே எதிர்த்தது. 1954-ல் காமராஜர் முதல்வராகி அதைக் கைவிட்டார். அந்த நினைவு நமக்குக் காவல். அதை மறக்கச் சொல்லி நான் இங்கே வரவில்லை. ஜெர்மனியை அவ்வளவு புகழ்ந்தேன் அல்லவா? அந்த நாட்டில் பல மாநிலங்களில் பத்து வயதுப் பிள்ளையையே இவன் இந்தப் பள்ளி, அவன் அந்தப் பள்ளி என்று பிரித்துவிடுகிறார்கள். அது நமக்கு வேண்டவே வேண்டாம். நம்மிடம் ஐ.டி.ஐ. முடித்தவன் டிப்ளமோ இரண்டாம் ஆண்டிலும், டிப்ளமோ முடித்தவன் பி.இ. இரண்டாம் ஆண்டிலும் நேரடியாகச் சேரலாம். எந்தக் கூட்டு ஒப்பந்தமும் இந்த ஏணியில் ஒரு படியைக்கூட உருவக்கூடாது. ஒரே கம்பெனியின் ஒரே மென்பொருளை மட்டும் சொல்லித்தந்து மூன்றாண்டுப் படிப்பு என்று பெயர் வைத்தால், அந்த மென்பொருள் வழக்கொழியும் அன்றைக்கு அந்தப் பட்டதாரி என்ன செய்வான்? கணக்கும் இயற்பியலும் மொழியும் சொல்லித்தரத்தான் பல்கலைக்கழகம் நடுவில் இருக்கிறது.

பயிற்சி என்ற பெயரில் மலிவாக ஆள் பிடிப்பதும் நடக்கிறது. கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன், பெற்றோர்கள் குறித்துக்கொள்ளுங்கள். தீபாவளிக்கு வரும் பையனிடம் கேளுங்கள்: 'ஆறு மாசத்தில் எத்தனை மெஷின் மாத்தி விட்டாங்க?' சேர்ந்த நாளில் நின்ற அதே மெஷினில்தான் இன்னும் நிற்கிறேன் என்றால், அவன் ஆள் பற்றாக்குறைக்கு நிற்கிறான், படிக்கவில்லை.

கடைசியாக ஒன்று. இந்த மேடைகளில் எப்போதும் பெரிய கம்பெனிகள்தான் உட்காரும். கோயமுத்தூர் ஓடுவதோ ஆவாரம்பாளையத்திலும் கணபதியிலும் ஐந்து பேர், எட்டுப் பேர் வைத்து ஜாப் ஆர்டர் செய்யும் பட்டறைகளால். நாலு விதமான வேலை ஒரே நாளில் பார்க்க வேண்டுமென்றால் அங்கேதான் போக வேண்டும். அவர்களை யாரும் ஒப்பந்தத்துக்குக் கூப்பிடுவதில்லை. சட்டம் தடுக்கிறதா? இல்லை. 1961-ன் தொழில் பழகுநர் சட்டப்படி, 30 பேரோ அதற்கு மேலோ இருந்தால் 2.5 முதல் 15 சதவீதம் வரை பழகுநர்களைக் கட்டாயம் எடுக்க வேண்டும். நாலு பேர் இருக்கும் பட்டறையும் விருப்பப்பட்டால் எடுக்கலாம். உதவித்தொகையில் கால் பங்கை, மாதம் 1,500 ரூபாய் வரைக்கும், மத்திய அரசு ஏற்கும் திட்டமும் உண்டு.

தனித்தனியாக இந்தச் சிறு பட்டறைகளால் முடியாதுதான். பத்துப் பட்டறை சேர்ந்து ஒரு வகுப்பை எடுக்கட்டும். பையன் இந்த மாதம் பவுண்டரி, அடுத்த மாதம் லேத், அதற்கடுத்து மோட்டார் வைண்டிங் என்று சுற்றி வரட்டும். கணக்கு வழக்கையும் இணையத்தில் பதிவு செய்யும் வேலையையும் கொடிசியா போன்ற சிறுதொழில் அமைப்பு பார்த்துக்கொள்ளட்டும். தேர்வை, கல்லூரி ஆசிரியரும் பட்டறைக்காரரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து நடத்தட்டும். வருகிற ஜூனில் சேர்க்கை தொடங்குகிறது. இந்த அரங்கில் பட்டறை நடத்துகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள், மூன்று கல்லூரி முதல்வர்களும் இருக்கிறார்கள். கூட்டம் முடிந்து காபி வரும். அப்போது என்னிடம் வந்து பேச்சு நன்றாயிருந்தது என்று சொல்ல வேண்டாம். நேரே அந்த முதல்வர்களிடம் போய், 'எங்க பத்துப் பேருக்கு எத்தனை பிள்ளைகளை அனுப்புவீங்க, என்னைக்கு அனுப்புவீங்க?' என்று கேளுங்கள்.