மணப்பெண்ணின் இரவிக்கையை யாரிடம் தைக்கக் கொடுப்பது?



வீட்டில் ஒரு பெண்ணுக்குத் திருமணம் நிச்சயமானால் கூறைப்புடவை எடுக்கக் குடும்பமே புறப்படுகிறது. கோலாலம்பூர் ஜாலான் மஸ்ஜித் இந்தியா, கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானா என்று கடை கடையாக ஏறி இறங்குகிறோம். ஆனால், அந்தப் புடவைக்குரிய இரவிக்கையை யாரிடம் தைக்கக் கொடுப்பது என்பதைக் கடைசி நேரத்தில்தான் நினைக்கிறோம்.

பட்டுப் புடவையோடு சேர்த்து நெய்யப்படும் இரவிக்கைத் துணி பெரும்பாலும் 80 சென்டிமீட்டர் அளவுதான் இருக்கும். வெட்டும்போது அது கெட்டுவிட்டால், அதே நிறத்தில், அதே சரிகையில் வேறு துணி கிடைப்பது அரிது. ஆகவே, கத்தரி படுமுன் யோசிக்க வேண்டும்.

தையற்காரரின் திறமையை எப்படி அறிவது? அவர் தைத்த சட்டை ஒன்றை வாங்கி உட்புறம் திருப்பிப் பாருங்கள். ஓரங்கள் பிரியாமல் அடிக்கப்பட்டிருக்கின்றனவா? இரு பக்கத் தையலிலும் ஓர் அங்குலமாவது துணி உள்ளே விடப்பட்டிருக்கிறதா? அளவெடுத்த நாளுக்கும் முகூர்த்த நாளுக்கும் இடையில் பெண்ணின் உடல் சற்றுப் பருக்கலாம். உள்ளே துணி இருந்தால்தான் பிரித்துவிட முடியும். முடிந்தால் சாதாரணப் பருத்திச் சட்டை ஒன்றை முதலில் தைக்கக் கொடுத்துப் பாருங்கள். கழுத்து தோளைவிட்டு நழுவினாலும், கைக்குழி சுருங்கினாலும் அதிலேயே தெரிந்துவிடும்.

உள்ளே வைக்கும் பருத்தித் துணியை நனைத்து உலர்த்திய பிறகு வெட்டுவாரா என்றும் கேளுங்கள். நனைக்காத பருத்தி பின்னர் சுருங்கி மேலுள்ள பட்டையும் இழுத்துவிடும். ஆரி வேலை வேண்டுமென்றால், அளவு குறித்த துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி முதலில் பூவேலை செய்வார்கள். வெட்டுவதும் தைப்பதும் அதன் பிறகே. அதற்கு அதிக நாள் பிடிக்கும். தீபாவளி நெருக்கத்தில் கொண்டுபோய்க் கொடுத்தால் அவசர வேலையாகிவிடும்.

மணநாளில் அணியும் உள்ளாடையோடுதான் அளவு கொடுக்க வேண்டும். பெண்ணுக்குக் கூச்சமில்லாதபடி ஒரு பெண்மணி அளவெடுப்பது நல்லது. கழுத்து எவ்வளவு இறங்க வேண்டும், கை எவ்வளவு நீளம் என்பதை அம்மாவோ அத்தையோ சொல்லாமல், உடுத்தப்போகும் பெண்ணே சொல்லட்டும். போட்டுப் பார்க்கும்போது அவள் கைகளை உயர்த்தட்டும். கீழே அமர்ந்து எழட்டும். மாலை மாற்றுபவளும் மணவறையில் நெடுநேரம் அமர்பவளும் அவள்தானே!

திருமணத்துக்கு இரண்டு வாரங்களுக்கு முன்பே சட்டை கைக்கு வரும்படி நாள் குறியுங்கள். முன்பணத்துக்கு இரசீது பெறுங்கள். அதில் கூலியும் நாளும் எழுதப்பட்டிருக்கட்டும். தகராறு ஏற்பட்டால், 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த தீர்ப்பாயத்தில் முறையிட அந்த இரசீது துணை நிற்கும்.

இறுதியாக ஒன்று. நம் தோட்டங்களிலும் தாமான்களிலும் வீட்டு முன்னறையில் ஒரே தையல் இயந்திரத்தை வைத்துப் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் தாய்மார் உண்டு. புடவைக்கு ஆயிரம் வெள்ளி தயங்காமல் கொடுத்துவிட்டு, அவர்களிடம் பத்து வெள்ளிக்குப் பேரம் பேசுவது அழகன்று. நல்ல வேலையைக் கேட்டு வாங்குங்கள்; அதற்குரிய கூலியை மனமுவந்து கொடுங்கள்.