நாள் குறியாத சொற்கள்

  

ஆங்கிலத்தில் நாளைச் சொல்லாமலே காலத்தைச் சொல்லும் சில சொற்கள் உள்ளன. அவற்றைப் பற்றியே இன்று பேச விரும்புகின்றேன். தமிழுக்காகக் கூடிய அவையில் ஆங்கிலச் சொல்லாராய்ச்சி எதற்கு என்று கேட்பீர்களாயின், அம்மொழியில் எழுதப்பெற்ற சட்டங்கள் இன்றும் நம்மை ஆள்கின்றன என்பதே என் விடை.

'சூன்' என்னும் சொல்லுக்கு இன்று 'விரைவில்' என்பது பொருள். பழைய ஆங்கிலத்தில் அது 'சோனா' என வழங்கிய காலத்தில் 'உடனே' என்றே பொருள்பட்டது. 'அனான்' என்பதும் 'உடனே' என நின்று, பின்னர்ச் 'சற்றுப் பொறுத்து' எனத் தளர்ந்தது. 1611-இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தில் 'பிரெசெண்ட்லி', 'பை அண்டு பை' ஆகியவற்றுக்கும் 'அப்பொழுதே' என்பதே பொருள். திருமுழுக்கு யோவானின் தலையை வேண்டிய பெண், 'பை அண்டு பை' தருக என்கின்றாள். இந்நொடியே தருக என்பது கருத்து. இன்றைய ஆங்கிலேயர் செவியிலோ அது 'நாளடைவில்' என்று விழும்.

நான்கு சொற்களும் ஒரே சரிவில் இறங்கியிருப்பதைப் பாருங்கள்! அதற்குக் காரணம் மாந்தர் இயல்பே. வாய் 'இதோ, உடனே' என்றது. கை காலந் தாழ்த்தியது. கேட்டவர்கள் சொல்லை விட்டுச் செயலைக் கொண்டே பொருள் கண்டனர். பொய்த்த வாக்கு, சொல்லின் பொருளையே தின்றுவிட்டது.

இனி, 'இவெஞ்சுவலி' என்னும் சொல். இஃது இலத்தீன் வேரினது. பிரெஞ்சிலும் செருமனிலும் இதன் உறவுச் சொற்களுக்கு 'நேர்ந்தால்', 'ஒருவேளை' என்று பொருள். ஆங்கிலத்திலோ 'இறுதியில்' என்பது பொருள். இவ்வேறுபாடு அறியாதவர் ஓர் ஒப்பந்தத்தை மொழிபெயர்ப்பாராயின், 'கொடுத்தாலும் கொடுப்போம்' என்பது 'முடிவில் கொடுப்போம்' என்றாகிவிடும். 'சம்டைம்' என்பதைச் சேர்த்தெழுதினால் 'என்றேனும் ஒரு பொழுது'. பிரித்தெழுதினால் 'சிறிது காலம்'. ஈற்றில் ஓர் எழுத்துக் கூடினால் 'சிற்சில வேளைகளில்'. பதவிப் பெயர்க்கு முன் நின்றால் 'முன்னாள்'. ஓர் இடைவெளியில், ஓர் எழுத்தில் காலமே மாறுகின்றது.

இச்சொற்கள் சட்டத்தில் ஏறினால் என்னாகும்? அமெரிக்காவில் கறுப்பினக் குழந்தைகளைப் பள்ளிகளில் பிரித்துவைத்தல் அரசமைப்புக்கு மாறானது என்று 1954-இல் உச்ச நயன்மன்றம் தீர்ப்பளித்தது. எந்நாளுக்குள் அதனை நிறைவேற்ற வேண்டும்? 1955-இல் அம்மன்றம் நாள் குறிக்கவில்லை. 'ஆய்ந்தமைந்த விரைவுடன்' என்னும் பொருள்பட ஒரு தொடரை எழுதிற்று. தென்மாநிலங்கள் 'விரைவு' என்பதை விட்டு, 'ஆய்ந்தமைந்த' என்பதைப் பற்றிக்கொண்டன. வர்சீனியாவின் பிரின்சு எட்வர்டு மாவட்டமோ 1959 முதல் 1964 வரை அரசுப் பள்ளிகளையே இழுத்து மூடிவிட்டது. 1969-இல்தான் 'உடனடியாக' என்று அம்மன்றம் ஆணையிட்டது. 1955-இல் முதல் வகுப்பிற் சேர்ந்த குழந்தை அதற்குள் பள்ளிப் படிப்பையே கடந்திருக்கும்!

நம் பட்டறிவும் இதுவே. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்பு, ஆங்கிலத்துக்குப் பதினைந்து ஆண்டு வரையறை இட்டது. இந்தி பேசாத மக்கள் வேண்டும்வரை ஆங்கிலம் இருக்கும் என்று 1959-இல் நேரு உறுதி கூறினார். 1963-ஆம் ஆண்டுச் சட்டமோ ஆங்கிலம் 'தொடரலாம்' என்று மட்டுமே கூறிற்று. 'தொடரலாம்' என்பதில் 'தொடராமலும் இருக்கலாம்' என்பது ஒளிந்திருப்பதைத் தமிழகம் கண்டுகொண்டது. 1965-இல் மாணவர் கிளர்ந்தனர், உயிர்கள் பலியாயின. 1967-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின்னரே, இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத மாநிலங்கள் அனைத்தின் சட்டமன்றங்களும், பின்னர் நாடாளுமன்றத்தின் ஈரவைகளும் தீர்மானம் இயற்றினாலன்றி ஆங்கிலம் நீங்காது என்பது சட்டமாயிற்று. தெளிவற்ற சொல் இருந்த இடத்தில் தெளிவான கட்டளை வந்தது. அதற்கு நாம் கொடுத்த விலையோ பெரிது.

உடன்பிறந்தீர்களே! தமிழில் 'உடனே' இன்னும் உடனே என்றுதான் பொருள்படுகின்றது. ஆனால் 'விரைவில் ஆவன செய்யப்படும்' என்று அலுவலகங்கள் எழுதியெழுதி, 'விரைவில்' என்னும் நல்ல தமிழ்ச்சொல்லை ஆங்கிலச் 'சூன்' சறுக்கிய அதே சரிவில் தள்ளிக்கொண்டிருக்கின்றன. பிறமொழிக் கலப்பினின்று சொல்லைக் காத்தால் மட்டும் போதாது. பொய்யினின்றும் அதனைக் காத்தல் வேண்டும். தமிழ்ப் பயிற்றுமொழிக்கென்றோ, தமிழாட்சிக்கென்றோ விண்ணப்பம் எழுதுவீர்களாயின், வரும் மறுமொழியில் 'விரைவில்' என்றிருந்தால் மகிழ்ந்து மடித்து வைத்துவிடாதீர்கள். 'எந்த நாள்?' என்று மீண்டும் எழுதுங்கள். நாமும் பிறர்க்கு 'உடனே' என்று சொன்னால், உடனே செய்வோம்.